தொங்குசெவி முயலும் சிராவகர் இல்லமும்

ஓர் உயிரை உண்பதற்காக அன்றி, உழைப்பதற்காகவும் அன்றி, அன்பு பாராட்டுவதற்காகவே இல்லத்தில் வளர்ப்பது அறமாகுமா? ஊன் உண்ணாக் குடும்பங்களில் இவ்வினா பெரும்பாலும் எழுவதே இல்லை. கொல்லாமை வழிவழியாக நிலைபெற்ற வீட்டில் ஒரு முயற்குட்டி வந்து சேர்ந்தால் அதனையும் ஜீவதயையின் ஒரு பகுதி என்றே எண்ணிவிடுகிறோம். "நாம் அதனைத் துன்புறுத்தவா போகிறோம்? உணவிட்டு வளர்க்கத்தானே போகிறோம்?" என்பதே நம் விடையாக உள்ளது. அவ்விடை போதுமானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்த ஐயம்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களிலும் இன்று பிள்ளைகள் கைப்பேசித் திரையில் ஒரு முயலைக் கண்டு மகிழ்கின்றனர். வட்ட முகம், தட்டையான மூக்கு, கன்னங்களின் இருபுறமும் மடிந்து தொங்கும் நீண்ட செவிகள். "அது போல் ஒன்று நமக்கும் வேண்டும்" என்று அவர்கள் பெற்றோரைக் கேட்கின்றனர். இக்கோரிக்கைக்கு உடனே இசைவதும் தகாது. அதட்டி மறுப்பதும் தகாது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளில் ஞானம் ஒழுக்கத்திற்கு முன் வைக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஆகவே அவ்வுயிர் இன்னதென முதலில் அறிந்துகொள்வோம்.

இம்முயல் எங்கிருந்து வந்தது?

நம் ஏரிக்கரைகளிலும் பாலாற்றங்கரைப் புதர்களிலும் ஓடும் காட்டு முயல் வேறு. வீடுகளில் வளர்க்கப்படும் முயல் வேறு. காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனைப் பிடித்தலும் வளர்த்தலும் குற்றம். வளர்ப்பு முயலின் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஐபீரிய நாட்டவை. அவை வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. நம் காட்டு முயலோ வளை தோண்டுவதில்லை. பெரும்பாலும் தனித்தே புல்லிடையே படுத்திருக்கும். இரண்டும் ஒன்றென எண்ணி, வளர்ப்பு முயல் சலித்துப்போனபின் வயலில் விட்டுவிடலாம் என்று கருதுவோர் உளர். அவ்வாறு விடப்பட்ட முயல் நாய்க்கோ பசிக்கோ வெயிலுக்கோ விரைவில் இரையாகும்.

வளர்ப்பு முயல்களிலும் தொங்குசெவி என்பது இயற்கை தந்த கோலம் அன்று. முயலுக்கு இயல்பு நிமிர்ந்த செவியே. அது எத்திசைக்கும் திரும்பிப் பகையின் காலடியைக் கேட்கும். உடலின் வெப்பத்தை வெளியேற்றுவதும் அச்செவியே. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் முயல் வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர், செவி நீண்டு தொங்கும் குட்டிகளையே மேன்மேலும் தேர்ந்து இணைசேர்த்தனர். இங்கிலீஷ் லாப் எனப்படும் அவ்வினத்தில் ஒரு செவி நுனியிலிருந்து மறு செவி நுனி வரை அளந்தால் 20 அங்குலத்திற்கும் மிகும். அறிஞர் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் இம்முயல்களை ஆராய்ந்து, செவி தொங்கியதால் மண்டை எலும்பின் வடிவமே மாறியிருப்பதை எடுத்துக் காட்டினார். மனிதர் விரும்பியது செவியின் மாற்றத்தை மட்டுமே. மாறியதோ தலையோட்டின் எலும்பும் ஆகும்.

பின்னர் நெதர்லாந்து நாட்டில் ஏட்ரியன் டி காக் என்பவர், பருத்த பிரெஞ்சு லாப் இனத்தையும் மிகச் சிறிய குள்ள முயல் இனத்தையும் 1949 முதல் இணைசேர்த்துப் பார்த்து, கையில் அடங்கும் தொங்குசெவி முயலை உருவாக்கினார். ஹாலந்து லாப் என்னும் அவ்வினத்திற்கு அந்நாட்டில் 1964இல் ஏற்பு கிடைத்தது. இன்று பிள்ளைகள் திரையில் கண்டு விரும்புவது பெரும்பாலும் இவ்வினமே. இதன் எடை 2 கிலோவுக்கும் குறைவு.

சிறுமைக்குக் கொடுக்கும் விலை

அக்குள்ள உருவம் எவ்வாறு கிடைக்கிறது என்பதைச் சிராவகர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். குள்ளத்தன்மையை உண்டாக்கும் மரபணுக் குறை எது என்பதை 2017இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவாக்கிற்று. அக்குறை தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி சிறியதாய், வட்ட முகத்துடன் வளரும். இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி மிக நலிந்து பிறந்து சில நாட்களில் இறந்துபோகும். குள்ள முயல் இரண்டை இணைசேர்த்தால் கணக்குப்படி நான்கு குட்டிகளில் ஒன்று இவ்வாறு இறப்பதற்கென்றே பிறக்கிறது. வளர்ப்போருக்கு இது புதிய செய்தி அன்று. அவர்கள் இதனை எதிர்பார்த்தே இணைசேர்க்கின்றனர்.

நம் அறநூல்கள் ஒரு வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகைப்படுத்துகின்றன. மூன்றும் வினைப்பயனைத் தருவனவே என்கின்றன. புலால் விற்போனிடம் விலைகொடுத்து வாங்கி உண்பவன், "நான் கொல்லவில்லையே" என்று கூறித் தப்ப இயலாது என்பதை நாம் பிறர்க்கு எத்துணை முறை எடுத்துரைத்திருக்கிறோம்! குள்ள முயற்குட்டியை விலைகொடுத்து வாங்கும் போதும் அதே நியாயம் நம்மீது பொருந்தாதா? வாங்குவோர் உள்ளவரை இணைசேர்ப்போர் இருப்பர். இணைசேர்ப்போர் உள்ளவரை அந்த நான்கில் ஒன்று இறந்துகொண்டே இருக்கும். நம் கையில் உள்ள குட்டி நலமாயிருக்கலாம். அதனுடன் பிறந்து மடிந்த குட்டிக்கும் நாம் தந்த பணத்திற்கும் தொடர்பில்லை எனக் கூறுதல் எங்ஙனம்?

செவி பற்றியும் அண்மைக்கால மருத்துவர் கூறுவன உள. இங்கிலாந்தில் கைவிடப்பட்ட முயல்களைக் காக்கும் இல்லம் ஒன்றில் 15 தொங்குசெவி முயல்களையும் 15 நிமிர்செவி முயல்களையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், தொங்குசெவி முயல்களுக்குச் செவித்துளை குறுகியிருத்தலும், அழுக்குச் சேர்தலும், செவியைத் தொட்டால் வலியுறுதலும் மிகுதியாகக் காணப்பட்டன. பற்கோளாறும் மிகுதி என அவ்வாய்வு கூறிற்று. பின்னர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட முயல்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தோர், பற்கோளாறு தொங்குசெவி முயல்களுக்கு மட்டும் மிகுந்திருப்பதாகக் காணவில்லை. உண்மையை ஒருபுறம் சாய்க்காமல் கூறுவதானால் பல்லைப் பற்றிய குற்றச்சாட்டை நிறுத்திவைக்கலாம். செவியைப் பற்றிய குறை அவ்வாறு நீங்கவில்லை. காற்றோட்டமின்றி மடிந்து கிடக்கும் துளையில் நோய் தங்குவது எளிது என்பதை விளக்க மருத்துவ நூலும் வேண்டியதில்லை.

மனிதர் கண்ணுக்கு இனிமை தேடி உயிரின் உடலை மாற்றுவது பட்டுநூலை அன்றாடம் கையாளும் ஊரார்க்குப் புதிய செய்தி அன்று. பட்டுப்பூச்சி பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரால் வளர்க்கப்பட்டு, சிறகிருந்தும் பறக்கவியலாத உயிராகிவிட்டது. அது இனி மனிதர் இட்ட தழையின்றி வாழாது. தொங்குசெவி முயலும் அவ்வரிசையில் ஒன்று. தறியில் அமர்ந்து உழைத்துப் பிழைப்போரைக் குறை கூற இதனை எழுதவில்லை. பிழைப்பிற்காக ஏற்ற ஒன்றே நெஞ்சில் வினாவாக நிற்கும்போது, வெறும் விளையாட்டிற்காக இன்னொன்றை ஏன் வலிந்து ஏற்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.

ஐந்து அதிசாரங்கள்

இனி, முயல் ஏற்கெனவே வீட்டில் உள்ளது எனக் கொள்வோம். அப்போது எழும் வினா வேறு. காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் அஹிம்ஸாணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளார். உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், துன்புறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவை மறுத்தல் என்பன அவை. உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரமும் இவ்வைந்தையே கூறுகிறது. இவற்றுள் கொலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்லாதவன், தன் பொறுப்பில் உள்ள உயிரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதையே இவை அளக்கின்றன. மாடு கன்றுகள் நிறைந்த வீடுகளை நோக்கிக் கூறப்பட்ட அவ்வளவுகோல் முயலுக்கும் பொருந்தும்.

கட்டிவைத்தல்: முயல் ஓடவும், பின்னங்காலில் நிமிரவும், மண் தோண்டவும் பிறந்தது. நெசவாளர் வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். தறிக்குழியின் அருகே தரைமட்டத்தில் பாவு விரிந்திருக்கும், மின்கம்பியும் செல்லும். கண்டதைக் கடிப்பது முயலின் இயல்பு. பட்டுநூலைக் கடித்தால் குடும்பத்திற்கு நட்டம். கம்பியைக் கடித்தால் முயலுக்கு மரணம். ஆகவே இரண்டு அடிக் கூண்டில் அடைத்துவிடுவர். நாள் முழுதும் கூண்டில் இருக்கும் முயல் அடைபட்ட உயிரே. அன்போடு அடைத்தோம் என்பதனால் கம்பிகள் அகலமாகிவிடா.

துன்புறுத்தல்: முயல் இரையாகப் பிறந்த விலங்கு. தரையிலிருந்து தூக்கப்படுவது அதற்குப் பருந்தின் பிடி போன்றது. அஞ்சி உதைத்தால், அதன் மெல்லிய முதுகெலும்பு அவ்வுதையின் வலியிலேயே முறிந்துவிடுவதுண்டு. பிள்ளைகள் மடியில் அசையாதிருக்கும் முயலை "எவ்வளவு அமைதி!" என்று வியக்கிறோம், பல வேளைகளில் அது அச்சத்தால் உறைந்த நிலை. வலியை மறைப்பதும் அதன் இயல்பு. அது கத்துவதில்லை என்பதால் துன்பமில்லை என முடிவு செய்தல் நன்ஞானம் ஆகாது.

மிகுபாரம்: வண்டி மாட்டின்மீது அளவுக்கு மேல் ஏற்றுவதை மட்டுமே இச்சொல் குறிப்பதாகக் கொள்கிறோம். இறக்கி வைக்கவியலாத பாரமும் உண்டு. பெரிய செவியும், குறுகிய முகமும், சிறுத்த தாடையும் அம்முயல் வாழ்நாள் முழுதும் சுமக்க மனிதர் ஏற்றிய சுமைகளே. கோடை மற்றொரு சுமை. முயலுக்கு வியர்வை இல்லை. 30 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அது துன்புறத் தொடங்கும். காஞ்சி வட்டாரத்தில் அக்கினி நட்சத்திரக் காலத்தில் தகரக் கொட்டகையின் கீழ் வைக்கப்பட்ட முயலின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

உணவை மறுத்தல்: பட்டினி போடுவது மட்டும் இக்குற்றம் அன்று, உரிய உணவை அறியாமல் வேறொன்றை இடுவதும் இதன்பாற்படும். முயலின் முன்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். நார்மிக்க புல்லை இடைவிடாது மென்றால்தான் பற்கள் யாவும் தேய்ந்து அளவில் நிற்கும். உலர்ந்த புல்லே அதன் முதன்மை உணவு. பிஸ்கட்டும் சோறும் அதற்கு நஞ்சு போன்றவை. கேரட்டே முயலின் உணவு என்பதும் சித்திரக்கதை பரப்பிய பிழை. அதில் சர்க்கரை மிகுதி. கிழங்கு விலக்கிய இல்லத்தார் இது பற்றிக் கவலையுற வேண்டியதில்லை! முயல் அந்தியிலும் விடியலிலுமே மிகுதியாக உண்ணும். எனவே இரவுணவு நீத்த வீட்டிலும் அதன் முன் இரவு முழுதும் புல் இருத்தல் வேண்டும். விரதம் நம்முடையது, முயலினுடையது அன்று. அரை நாள் உண்ணாதிருந்தாலே அதன் குடல் இயக்கம் நின்று உயிருக்கு இடர் நேரும். தன் மென்கழிவில் ஒரு பகுதியை அது மீண்டும் உண்பதைக் கண்டு பிள்ளைகள் அருவருத்துத் தடுப்பர். அதுவும் அதன் உணவே. தடுத்தால் ஊட்டம் குன்றும்.

உறுப்பறுத்தல்: ஐந்தனுள் இதுவே மனத்தைப் பெரிதும் அலைக்கழிப்பது. பெண்முயல் 31 நாளில் ஈனும். ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் கருவுறவும் கூடும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் ஓராண்டில் வீடு நிறையும். அக்குட்டிகள் எங்கே போகும்? நம் மாநிலத்தில் முயல் இறைச்சிக்காகவும் வளர்க்கப்படுகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் கம்பளி முயலோடு இறைச்சி முயலையும் பெருக்குவது. "யாருக்காவது கொடுத்துவிட்டோம்" என்னும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை ஊன் உண்ணாதோர் எண்ணிப் பார்க்க வேண்டும். இதனைத் தடுக்க மருத்துவர் கூறும் வழி கருத்தடை அறுவை. மூப்படையும் பெண்முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகுதி என்பதாலும் அவர்கள் அதனைப் பரிந்துரைக்கின்றனர். அறுத்தல் அதிசாரம் எனின் இது தகுமா? ஹிம்சை என்பது பிரமாதத்தோடு, அதாவது கவனக்குறைவும் இச்சையும் கலந்த யோகத்தோடு உயிரை வருத்துதல் என்பது ஆசாரியர் இலக்கணம். நோய் தீர்க்கும் மருத்துவன் கத்தியும் வதைப்போன் கத்தியும் அறுப்பதில் ஒன்று, நினைப்பில் வேறு. ஆயினும் நம் வசதிக்காக அறுத்துவிட்டு அதற்கு ஜீவதயை எனப் பெயரிடுதலும் எளிது. ஒவ்வோர் இல்லத்தாரும் தம் நெஞ்சறியத் தீர்மானிக்க வேண்டிய இடம் இது. விலைக்கு வாங்குமுன் இக்குழப்பம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்பதே வருத்தம்.

யானை தூக்கிய கால்

சுவேதாம்பரர் போற்றும் ஆறாம் அங்கமாகிய ஞாதாதர்மகதையில் முயல் ஒன்று வருகிறது. காட்டில் தீப்பற்றியபோது விலங்குகள் யாவும் ஒரு வெளியில் நெருக்கி நின்றன. யானை ஒன்று உடலைச் சொறியக் காலைத் தூக்கிற்று; அவ்விடத்தில் ஒரு முயல் புகுந்து ஒதுங்கிற்று. காலை ஊன்றினால் முயல் நசுங்கும் எனக் கண்ட யானை, தீ அடங்கும்வரை இரண்டரை நாள் காலை உயர்த்தியே நின்றது. பின் முயல் ஓடிற்று. மரத்துப்போன காலை ஊன்றவியலாமல் யானை வீழ்ந்து மாண்டது. அதுவே மறுபிறவியில் சிரேணிக மன்னனின் மகன் மேககுமாரனாய்ப் பிறந்தது என பகவான் மகாவீரர் உணர்த்தியதாக அக்கதை கூறும்.

அந்த யானை முயலைத் தனதாக்கிக் கொள்ளவில்லை. தூக்கி அணைக்கவும் இல்லை. முயலுக்கு வேண்டியது பாதுகாப்பான சிறிதளவு இடம். அதனைத் தன் துன்பத்தை விலையாகத் தந்து ஈந்தது. முயல் போகும்போது போகவிட்டது.

மற்றொரு சான்று நம் அருகிலேயே உள்ளது. காஞ்சியின் தென்மேற்கே திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்தில், இருகப்பர் 1387-88இல் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் நேமிநாதர் வரலாறும் ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளது. மணக்கோலத்தில் தேரேறிச் சென்ற அப்பெருமான், விருந்திற்கென அடைக்கப்பட்டிருந்த விலங்குகளைக் கண்டார். அவை ஏன் அடைபட்டன என வினவினார். தம் பொருட்டே என அறிந்ததும் மணத்தைத் துறந்து கிர்நார் மலை சென்றார். "யார் பொருட்டு இவ்வுயிர் இவ்வாறு உள்ளது?" என்னும் அவ்வினாவைக் கடையில் கூண்டிற்குள் இருக்கும் முயலைக் காணும் நாமும் கேட்கலாம். வாங்கும் விருப்பம் நம்முடையதாயின் விடையும் நாமே.

ஏற்கத் தக்கது யாது?

அங்ஙனமாயின் முயலே வேண்டாவோ எனில், அவ்வாறு கூறவில்லை. ஏற்கெனவே பிறந்து, கைவிடப்பட்டு, வேறு புகலற்ற முயல்கள் உள்ளன. தில்லி லால் மந்திர் வளாகத்தில் ஜைனர் நடத்தும் பறவை மருத்துவமனையில் குணமடைந்த பறவையை வானில் பறக்கவிடுவர். பறவைக்கு வானம் உண்டு. வளர்ப்பு முயலுக்குத் திரும்பிச் செல்ல இந்நாட்டில் காடு இல்லை. அத்தகைய முயலைத் திறந்துவிடுதல் விடுதலை ஆகாது. கொலைக்கு ஒப்படைத்தலே ஆகும். அதனை ஏற்றுக் காப்பது ஆகாரம், அபயம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களில் அபயதானத்தைச் சாரும்.

அவ்வாறு ஏற்போர் சிலவற்றை உறுதி கொள்ளுதல் நன்று. முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழக்கூடும். கேட்ட பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குச் சென்றபின்னும் புல்லிட வேண்டியவர் பெற்றோரே. ஓடியாட ஓர் அறையோ அடைப்புள்ள முற்றமோ வேண்டும். கோடையில் குளிர்ந்த தரையும், நனைத்த சாக்குத் திரையும் வேண்டும். கூடிவாழும் இயல்பினதாகையால் துணை வேண்டும்; ஆனால் குட்டிகள் பெருகலாகாது. தொங்குசெவியின் உட்புறத்தை வாரந்தோறும் நோக்குதல் வேண்டும். முயல் மருத்துவம் அறிந்தவர் எங்குள்ளார் என்பதை நோய் வருமுன்னரே அறிதல் வேண்டும். சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை செல்ல நேரின் செல்லவும் மனம் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் இயலாதெனின் ஏற்காதிருத்தலே அவ்வுயிர்க்குச் செய்யும் தயை.

பிள்ளைகளிடம் "கூடாது" என்று மட்டும் கூறி நிறுத்த வேண்டா. அச்செவி ஏன் தொங்குகிறது, அதனைத் தொங்க வைத்தவர் யார், அதனோடு பிறந்தவை என்னவாயின என்பதை அவர்கள் வயதிற்கேற்ப எடுத்துக் கூறுங்கள். அழகெனக் கண்டதற்குப் பின்னால் ஓர் உயிரின் வலி இருப்பதை உணர்ந்த பிள்ளை முயல் இல்லாமலே ஜீவதயையைக் கற்றுவிடும். அதன் பிறகும் அப்பிள்ளை புகலற்ற ஒரு முயலைக் காக்க விரும்பி, பத்தாண்டுப் பொறுப்பையும் கேட்டறிந்து இசையுமாயின், பெற்றோரும் உடன்நின்று அப்பொறுப்பை ஏற்கலாம்.